கடன் வாங்கின சொல்லுக்கு வட்டி கிடையாது

“இந்தச் சொல் அவங்ககிட்ட இருந்து வந்தது. அப்போ அந்தப் பொருளையே அவங்கதான் இவங்களுக்குக் காட்டியிருக்கணும்.” சொல்லாராய்ச்சி என்ற பெயரில் இணையத்தில் ஓடும் சண்டைகளில் பாதி இந்த ஒற்றை வாதத்தின் மேல்தான் நிற்கிறது. இது எவ்வளவு ஓட்டை என்று பார்க்க ஃபின்னிஷ் மொழிக்குப் போனால் போதும்.

ஃபின்னிஷில் கடையும் ‘கௌப்பா’, வணிகமும் ‘கௌப்பா’. நகரத்துக்கே ‘கௌபுங்கி’ என்றுதான் பெயர். பக்கத்து எஸ்தோனியனில் ‘கௌப்’ என்றால் சரக்கு. எல்லாமே ஜெர்மானியக் கடன். ஜெர்மன்காரர் வாங்குவதைச் சொல்லும் ‘கௌஃபன்’, ஆங்கில ‘சீப்’ எல்லாம் இதே வேர்தான். கோபன்ஹேகன் என்ற பெயரின் முன்பாதியும் இதுதான்: வணிகர் துறைமுகம்.

அப்போ ஜெர்மானியர் வந்து சொல்லித்தரும்வரை ஃபின்னியருக்குப் பேரம் பேசவே தெரியாதா? அவர்கள் வாங்குவது ‘ஒஸ்டா’, விற்பது ‘ம்யூடா’. ரெண்டுக்கும் கௌப்பாவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ‘ம்யூடா’ ஊராலிக் குடும்பத்துப் பழஞ்சொத்து. கையில் சொந்தச் சொல்லை வைத்துக்கொண்டே கடனும் வாங்கியிருக்கிறார்கள். சந்தையில் எதிராளியின் பேச்சு காதில் விழுந்தால் நாக்கில் ஒட்டும், அவ்வளவுதான்.

சரி, கடன் கொடுத்தவர்தான் உசத்தி என்றே வைத்துக்கொள்வோம். ஜெர்மானியருக்கு அது எங்கிருந்து வந்தது? லத்தீன் ‘கௌப்போ’விலிருந்து என்பதுதான் பெரும்பாலான மொழியியலாளர்களின் முடிவு. அதற்குப் பெருவணிகன் என்றெல்லாம் அர்த்தமில்லை. சத்திரக்காரன், சில்லறை வியாபாரி. ஏமாற்றுப் பேர்வழி என்று கவிஞர் ஹோரஸ் திட்டின ஆள். ரோமில் மூக்கைச் சுளித்துச் சொன்ன சொல், வடக்கே போய் ஒரு தலைநகரத்தின் பெயருக்குள் உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத்திலோ அதே சொல் மறுபடி மலிவாகிப்போனது!

‘ரஹா’ இன்னும் ருசியான கதை. ஃபின்னிஷில் பணம். மூலமான ஜெர்மானியச் சொல்லுக்கோ அர்த்தம் தோல். விலங்குத் தோலே பணமாகப் புழங்கிய நாட்டில் தோல் பணமானது. இந்த அர்த்தத்தை உண்டாக்கியது வாங்கினவன். கொடுத்தவனுக்கு இதில் என்ன பெருமை?

நம்மாட்கள் வேறு ஒருபக்கம் ஆங்கில ‘கேஷ்’ தமிழ்க் ‘காசு’தான் என்று பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். ரொக்கம் என்ற பொருளில் வரும் ‘கேஷ்’, பெட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. நம் காசு போர்த்துக்கீசியர் வாயில் புரண்டு ஆங்கிலத்துக்குப் போனது உண்மை. ஆனால் அது சின்ன நாணயத்தைக் குறிக்கும் வேறொரு ‘கேஷ்’. நடுவில் ஓட்டை போட்ட சீனச் செம்புக்காசுக்கு ஆங்கிலேயர் அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். மேலே சொன்ன வாதப்படி, சீனாக்காரனுக்கு நாணயம் அடிக்கக் கற்றுத்தந்ததும் நாம்தான் என்று நாளைக்கே ஒரு பதிவு வரும். தயவுசெய்து ஷேர் பண்ணாதீர்கள்.