272 படிகளும் இருபது வயது மூச்சும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பத்துமலைக்குப் போயிருந்தோம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்காள் மகன், பாதிப் படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அறுபத்தெட்டு வயதான என் அம்மா, பேரனைப் பார்த்துச் சிரித்துவிட்டு நிதானமாக ஏறிப் போனார். (நானும் இரண்டு முறை நின்றேன். படம் எடுப்பதாகச் சொல்லிச் சமாளித்துவிட்டேன்.)

மேலே வந்ததும் அவன் சொன்ன காரணம்: "எனக்கு நுரையீரல் கொள்ளளவு கம்மி மாமா."

அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறான். அதனால் இந்தப் பேச்சை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

நுரையீரலின் அளவு பெரும்பாலும் உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தது. வளர்ந்த ஆணின் நுரையீரல் முழுதாக நிரம்பினால் ஏறக்குறைய 6 லிட்டர் காற்று பிடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு நாம் இழுப்பதோ அரை லிட்டர்தான். இவ்வளவு கையிருப்பு இருக்கும்போது, நோயில்லாத இளைஞனுக்குப் படியேறக் காற்று போதாமல் போவதில்லை. பின்தங்குவது இதயமும் கால் தசைகளும்தான். பயிற்சி இல்லாத இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் இரத்தம் குறைவு. வந்து சேரும் உயிர்வளியைத் தசைகள் பயன்படுத்தும் திறனும் குறைவு. உடலில் சேரும் கரியமில வாயுவை வெளியேற்றச் சொல்லி மூளை விரட்டுகிறது, நமக்கு மூச்சிரைக்கிறது. பழி நுரையீரல் மேல் விழுகிறது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. நுரையீரலைப் பெரிதாக்க முடியாது. ஆனால் இதயத்தையும் தசைகளையும் சில வாரங்களிலேயே பழக்க முடியும்.

பள்ளியில் 'செகாக்' சோதனை இருந்தது. மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்கி, நாடித் துடிப்பை எண்ணிய நினைவு நம் பிள்ளைகளுக்கு இருக்கும். ஐந்தாம் படிவத்தோடு அது முடிந்தது. பிறகு விரிவுரை, அசைன்மெண்ட், அறை வாசலுக்கே வரும் சாப்பாடு, நள்ளிரவு தாண்டியும் மாமாக் கடை. மூன்றாம் மாடிக்கும் மின்தூக்கி. யாரும் அளப்பதில்லை, அவர்களும் கவனிப்பதில்லை.

அக்காள் மகன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவன் பையில் மாம்பழ வாசனை. ஆமாம், வேப்தான். 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேப் விற்பதைத் தடுக்கிறது. இவனோ அந்த வயதைத் தாண்டியவன். நுரையீரலின் செயல்திறன் உச்சத்தைத் தொடுவது ஏறக்குறைய 20 முதல் 25 வயதுக்குள். அதன் பிறகு எல்லோருக்கும் மெல்ல இறங்கும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு வேகமாக இறங்கும். வேப் ஆவியும் மூச்சுக்குழாயை உறுத்துவதுதான். உச்சத்துக்கு ஏறும் வயதில் அதை இழுப்பது, வங்கியில் சேமிப்பு தொடங்கிய மாதமே பணத்தை வெளியே எடுப்பதைப் போன்றது.

இப்போது அவனுக்கு நான் கொடுத்திருக்கும் வேலை எளிது. வாரத்தில் ஐந்து நாள், தினமும் அரை மணி நேரம் வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். இரண்டு வாரம் கழித்து, இடையில் ஒரு நிமிடம் ஓட்டம். விடுதியில் மாடிப்படி. காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன் நாடியை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இதயம் பழகப் பழக அந்த எண்ணிக்கை குறையும். புகைமூட்டம் மோசமான நாள்களில் வெளியே ஓட வேண்டாம்.

ஓடும்போது விசில் போல் மூச்சுச் சத்தம், இரவில் இருமல், நெஞ்சுவலி, மயக்கம், இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். அது ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருக்கலாம், பயிற்சி பிறகு.

முதல் நாள் அவன் நாடி 84. நேற்று வாட்ஸ்அப்பில் 77 என்று அனுப்பியிருந்தான். வேப் பற்றிக் கேட்டேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இன்னும் வரவில்லை.