சிலம்பும் எலுமிச்சம்பழமும்

சென்ற திங்கள் அம்பத்தூரில் நடந்த இலக்கியக் கூட்டம் ஒன்றில் நண்பரொருவர் உரையாற்றினார். கற்றவர், நாவன்மை உடையவர், நம்மிடம் அன்பும் உடையவர். அவர் உரையின் சாரம் இது: தொலைக்காட்சியில் இரவுதோறும் வரும் பழிவாங்கும் கதைகளைப் படித்தவர்கள் எள்ளி நகையாடுவது மேட்டிமைத்தனம். அவை சிலப்பதிகாரத்தின் வழித்தோன்றல்கள். கண்ணகி மதுரையை எரித்தாள்; இன்றைய நாயகி எதிரியின் தொழிலை எரிக்கிறாள். அங்கே சிலம்பு குறியீடு. இங்கே அணையும் விளக்கும் சிதறும் குங்குமமும் குறியீடு. காலம் மாறியதேயன்றிக் கலை மாறவில்லை.

கைதட்டல் எழுந்தது. நாம் கைதட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று வெளியே வந்ததும் நண்பரே கேட்டார். தேநீர்க் கடை வாசலில் சொல்லி முடிக்கக் கூடிய விடையன்று அது. ஆதலால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். தொடர் என்றாலே முகம் சுளிப்பவர்கள் அல்லர் நாம். சன் தொலைக்காட்சியில் 'கோலங்கள்' 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் இஷாத் தொழுகை முடிந்து கொரட்டூர்த் தெருக்கள் வழியே வீடு திரும்பும்போது, நேரம் சற்றுத் தாழ்ந்துவிட்டால், ஒவ்வொரு சாளரத்திலிருந்தும் அதே குரல்கள்தாம் வரும். பள்ளிவாசலிலிருந்து வீடு வந்து சேரும்வரை கதையில் ஒரு சொல்லும் விட்டுப்போகாது. தொழிற்பேட்டையில் பகல் ஷிப்ட் முடித்து வந்த பெண்கள் சோற்றுத் தட்டுடன் அதன் முன் அமர்ந்திருந்ததைக் கண்டிருக்கிறோம். அவர்களோடு அமர்ந்து நாமும் பார்த்ததுண்டு. மறைப்பானேன்?

பார்த்ததனால்தான் சொல்கிறோம்: அத்தொடரின் தொடக்கத்தில் மெய்யான பொருள் ஒன்று இருந்தது. திருச்செல்வம் இயக்கத்தில் தேவயானி ஏற்ற அபி, தன் கையூன்றித் தானே எழ முயலும் நடுத்தரக் குடும்பத்துப் பெண். ஆண்களின் கோட்டையாக விளங்கும் கட்டுமானத் தொழிலில் அவள் கால் வைக்கிறாள். எதிரில் நிற்பவன் ஆதித்யா. இருவருக்கும் தந்தை ஒருவரே, குடும்பங்கள் இரண்டு. இதைவிட வலுவான நோக்கத்தை எந்தக் கதாசிரியனும் தேடிப் போக வேண்டியதில்லை. எது வழிவந்த குடும்பம், எது வந்துசேர்ந்த குடும்பம்; யாருக்குப் பெயர், யாருக்குச் சொத்து, யாருக்கு வெட்கம் என்னும் கேள்விகள் தமிழகத்து வீடுகளில் தாழிட்ட அறைக்குள் மட்டுமே பேசப்படுபவை. அத்தொடர் அந்தத் தாழை நீக்கியது. தலைப்பும் பொருத்தமானதே. விடியலில் குனிந்து இட்ட கோலம் பொழுது சாய்வதற்குள் மிதிபட்டு அழிகிறது. மறுநாள் அதே கை மீண்டும் இடுகிறது. ஒரு பெண்ணின் உழைப்புக்கு இதனினும் சிறந்த குறியீடு வேண்டுமா? இதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

பிறகு நேர்ந்தது என்ன? குற்றம் தந்தையுடையது. இரு பெண்களின் வாழ்விலும் இரு குடும்பத்துப் பிள்ளைகளின் வாழ்விலும் முடிச்சிட்டவர் அவர். ஆயினும் கதை தந்தையை ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை மோதவிட்டது. ஆதித்யாவின் நெஞ்சில் கனன்ற தாழ்வுணர்ச்சியும் அச்சமும் மெல்ல மெல்ல மறைந்து, தீங்கு செய்வதற்கென்றே தீங்கு செய்பவனாக அவன் எஞ்சினான். மனிதனாக வந்தவன் வில்லனாகத் தேய்ந்தான்.

இதற்குக் காரணம் எழுதியவர்களின் திறமைக்குறைவு என்று நாம் கருதவில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. 'கோலங்கள்' 1533 பகுதிகள். பழி என்பது முடிவை நோக்கி ஓடும் பொருள், வாங்கிவிட்டால் தீர்ந்தது. தொடரோ முடியக் கூடாத பண்டம். அது முடிந்தால் விளம்பரம் முடியும். முடிய வேண்டியதை முடியக் கூடாததற்குள் அடைத்தால் என்னாகும்? எதிரி ஒவ்வொரு முறையும் தப்ப வேண்டும். நாயகி ஒவ்வொரு முறையும் ஏமாற வேண்டும். முதல் நூறு பகுதிகளுக்குப் போதுமாயிருந்த நோக்கம் ஐந்நூறாவது பகுதிக்குப் போதாது. அப்போது புதிய நோக்கம் ஒன்றைக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். மறைந்திருந்த உறவு வெளிப்படும். பழைய கடிதம் அகப்படும். இறந்தவர் எழுந்து வருவார். டி.ஆர்.பி. என்னும் மூன்றெழுத்துத்தான் இங்கே ஊழ்வினை. 'ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்' என்றார் இளங்கோ. அவர் சொன்ன ஊழ் இதுவன்று.

நோக்கம் வற்றிப்போன இடத்தை நிரப்பத்தான் குறியீடுகள் வருகின்றன. பூசையறை விளக்கு அணைகிறது. குங்குமச் சிமிழ் கைதவறுகிறது. பால் பொங்கி வழிகிறது. இடி ஒன்று மும்முறை முழங்குகிறது. ஒரே முகத்தை மும்முறை அருகில் காட்டுகிறார்கள். இவை எவற்றையும் குறிப்பவை அல்ல. 'இப்போது அஞ்சுக' என்று நமக்கு இடும் கட்டளைகள். கட்டளையைக் குறியீடு என்று அழைக்கலாகாது.

தொலைக்காட்சியில் வேறு வழியே இல்லையென்று யாரும் சொல்ல வேண்டா. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கத்தில் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த 'விடாது கருப்பு' நினைவிருக்கிறதா? குற்றம் செய்தவர்களை ஊர்க்காவல் தெய்வமாகிய கருப்பு குதிரைமேல் வந்து தண்டிப்பதாக ஊரே நம்புகிறது. குதிரையின் குளம்பொலி கேட்டால் பார்ப்பவர் மயிர்க்கூச்செறியும். ஆனால் அந்தக் கதை குளம்பொலியோடு நின்றுவிடவில்லை. குறியீட்டின் உள்ளே புகுந்து தேடியது. தெய்வத்தின் கோலத்திற்குள் ஒரு மனிதனை, அந்த மனிதனுக்குள் பிளவுண்ட மனத்தை, அந்த மனத்தின் அடியில் காயம்பட்ட ஒரு குழந்தைப் பருவத்தைக் கண்டெடுத்து நம் முன் வைத்தது. அச்சத்தில் தொடங்கி இரக்கத்தில் கொண்டுபோய் விட்டது. அத்தொடருக்கு ஒரு முடிவும் இருந்தது என்பதை நண்பர் கவனிக்க வேண்டும்.

இடையே ஒரு சொல். இத்தகைய தொடர்களில் எப்போதேனும் நம்மவர் ஒருவர் தலைகாட்டுவதுண்டு. தொப்பி அணிந்திருப்பார், நாயகியைத் 'தங்கச்சி' என்பார், பெருநாளன்று பிரியாணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். அவருக்குப் பகையில்லை, ஆசையில்லை, கடனில்லை, மகளின் திருமணக் கவலையும் இல்லை. நோக்கமே இல்லாத மனிதர்! அவரைத் தீயவராகக் காட்டவில்லையே என்று மகிழும்படி நம்மை எதிர்பார்க்கிறார்கள். நல்லவராகக் காட்டியதற்கு நன்றி. ஆளாகக் காட்டியிருந்தால் இன்னும் நன்றி சொல்லியிருப்போம்.

நிற்க. இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு, இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்பார்கள். எமக்குத் தெரிந்த இழப்பு ஒன்றைச் சொல்கிறோம்.

ஆவடியில் நாம் முன்பு குடியிருந்த தெருவில் ஒரு காலைப்பொழுது. அண்டை வீட்டு அம்மாள் வாயிற்கதவைத் திறந்தார். படியருகே நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று, அதன்மேல் குங்குமம். அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரத்தில் அவர் மனத்தில் ஒரு கதை முழுவதும் ஓடி முடிந்துவிட்டது. நாத்தனார் முந்திய கிழமை வந்து போனாள். சொத்துப் பேச்சில் முகம் சிவந்தாள். போகும்போது வாசலைத் திரும்பிப் பார்த்தாள். குறியீடு இருக்கிறது, நோக்கம் இருக்கிறது, பழி உறுதி! 'அவள் திரும்பிப் பார்த்த பார்வையே சரியில்லை, பாய்' என்று எம்மிடமே சொன்னார். நாம் சொன்னோம்: 'அம்மா, நேற்று ஆயுத பூசை. எதிர்வீட்டுத் தம்பி புதிதாக வாங்கிய வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியதை நீங்களும்தானே நின்று பார்த்தீர்கள்? நான்கு பழத்தில் ஒன்று உருண்டு வந்திருக்கிறது.' அவர் கேட்டார், தலையசைத்தார், நம்பவில்லை. இரண்டு ஆண்டுகள் இரு குடும்பங்களுக்கும் பேச்சில்லை. அந்த நாத்தனாரின் மகன் திருமணத்திற்கு இவர்கள் போகவுமில்லை. அந்த அம்மாள் கெட்டவர் அல்லர். எம் இல்லத்தில் நோயென்றால் கஞ்சி வைத்துக் கொண்டுவருபவர். அணையும் விளக்குக்கும் சிதறும் குங்குமத்திற்கும் பின்னால் ஒரு பகைவர் இருந்தே தீர வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் பாடம் கேட்டவர். அவ்வளவே.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் அழுத்து எந்திரத்தில் விரலிழந்த உழைப்பாளிகளைப் பார்க்காதவர் நம் பகுதியில் உண்டோ? அவர்கள் விரலைக் கொண்டுபோனது யாருடைய வஞ்சம்? உற்பத்தி வேகத்திற்காகக் கழற்றி வைத்த காப்புத் தகடு. தூக்கமில்லாத இரட்டை ஷிப்ட். பழகாத கையை எந்திரத்தின் முன் நிறுத்திய அவசரம். இந்தத் தொடர்களெல்லாம் படமாகும் பூந்தமல்லிப் பக்கத்திலேயே, செம்பரம்பாக்கம் அருகிலுள்ள படப்பிடிப்பு நகரில், 2020 பிப்ரவரி 19 இரவு ஒரு திரைப்படத் தளத்தில் கிரேன் சரிந்து மூவர் மாண்டனர். அங்கேயும் வில்லன் எவனும் கண்ணாடி முன் நின்று சூளுரைக்கவில்லை. உலகத்துத் தீங்கில் பெரும்பகுதி கவனக்குறைவாலும் பேராசையாலும் விளைவது. அதற்கு முகம் கிடையாது. பழிக்கதையோ முகத்தைத் தேடு, முகத்தைத் தேடு என்கிறது. கழற்றி வைத்த தகட்டைத் தேடு என்று எந்தத் தொடரும் சொன்னதில்லை.

இனி நண்பரின் கண்ணகிக்கு வருவோம்.

கண்ணகியின் சிலம்பு குறியீடு என்பது மெய். ஆனால் அது குறியீடாவதற்கு முன்பே சான்று. கோவலன் மீது சாட்டப்பட்டது அரசியின் சிலம்பைத் திருடினான் என்னும் குற்றம். அரசியின் சிலம்பினுள் முத்து. கண்ணகியின் சிலம்பினுள் மாணிக்கம். அவள் இடியை அழைக்கவில்லை, அவையை அழைத்தாள். வழக்குரைத்தாள். உடைத்துக் காட்டினாள். மாணிக்கம் தெறித்தது. தன் பிழையைத் தானே கண்ட பாண்டியன் தனக்குத் தானே தீர்ப்பளித்து உயிர் நீத்தான். தீ அதற்குப் பின்னர்தான். இந்த வரிசையைத்தான் தொடர்கள் தலைகீழாக்குகின்றன. அங்கே தீ முதலில். சான்று, விளம்பர இடைவேளைக்குப் பிறகு.

சான்றென்றால் என்னவென்று அறிய மதுரைவரை போக வேண்டியதில்லை. நம் பூந்தமல்லியே போதும். 1991இல் நிகழ்ந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கு அங்குள்ள தனி நீதிமன்றத்தில்தான், மூடிய கதவுகளுக்குள் விசாரிக்கப்பட்டது. 1998 ஜனவரி 28 அன்று குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பாயிற்று. நாடு கொதித்திருந்த காலம் அது, பலர் அமைதியுற்றனர். உச்சநீதிமன்றம் ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தது: யாருக்கு என்ன தெரியும், யார் எதற்கு உடன்பட்டார், யார் இன்னாரென்றே அறியாமல் இடங்கொடுத்தார்? 1999 மே 11 அன்று 19 பேர் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர். நால்வருக்குத் தூக்கு உறுதியாயிற்று. மூவருக்கு ஆயுள் தண்டனை. அந்த நால்வரின் தூக்கும் காலப்போக்கில் ஆயுளாகக் குறைந்து, 2022இல் எழுவரும் வெளியே வந்தனர். அந்த முடிவைப் பற்றி வாசக அன்பர்களுக்குள் பல கருத்து இருக்கலாம். அதை இங்கே வழக்காடவில்லை. நாம் கேட்பது இதுதான்: பழிக்கதையின் நாயகி கையில் அந்த 26 பெயர்கள் கொண்ட பட்டியல் கிடைத்திருந்தால் அந்தப் பத்தொன்பது பேர் எந்தப் பகுதியில் மடிந்திருப்பார்கள்? நாமும் சோற்றுத் தட்டுடன் அமர்ந்து நிறைவோடு பார்த்திருக்க மாட்டோமா?

நண்பர் சிலப்பதிகாரத்தை நம்மிலும் நன்கு கற்றவர். அதனால் அவருக்கு நாம் ஒன்றை நினைவூட்ட மட்டுமே வேண்டும். நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது. வறுமையும் நோயும் தொடர்ந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு அமைதி செய்வதற்காகப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று வேள்வி செய்தான். ஒருவன் செய்த குற்றம், ஆயிரம் கழுத்து. அந்த ஆயிரவரில் எவரும் கோவலனைக் கண்டதில்லை. சிலம்பைத் தொட்டதில்லை. தொழில் ஒன்று, குலம் ஒன்று. அதுவே அவர்கள் செய்த பிழை. அவர்களுக்காக வழக்குரைக்க எந்த அவைக்கும் எவரும் வரவில்லை. அவர்கள் மனைவியரின் சிலம்பில் முத்து இருந்ததா மாணிக்கம் இருந்ததா என்று எவரும் உடைத்துப் பார்க்கவுமில்லை.

தொலைக்காட்சித் தொடர்கள் சிலப்பதிகாரத்தின் வழித்தோன்றல்களே என்று நண்பர் இன்னமும் சொல்வாராயின், எந்தப் பக்கத்தின் வழித்தோன்றல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்குரை காதையின் வழியா, உரைபெறு கட்டுரையின் வழியா? வரும் திங்கள் கூட்டமும் அம்பத்தூரிலேயே நடக்கவிருக்கிறது. நாம் முன்வரிசையிலேயே அமர்ந்திருப்போம்.