பொன்னாடை அல்ல, பட்டம்

மதுரை காளவாசல் சந்திப்பில் போன வாரம் ஒரு ஃபிளெக்ஸ் பார்த்தேன். இரும்புக்கடை அதிபர் ஒருவர் வணிக மேலாண்மையில் ‘டாக்டர்’ ஆகிவிட்டாராம். கறுப்பு அங்கி, தலையில் குஞ்சம் வைத்த தொப்பி, பக்கத்தில் வாழ்த்தும் நண்பர்கள் இருபது பேர். பட்டம் தந்த ‘பல்கலைக்கழகம்’ எந்த நாட்டில் இருக்கிறது என்று ஃபிளெக்ஸிலும் இல்லை. கூட வந்தவரிடம் எரிச்சலோடு சொன்னேன். “அட போங்கண்ணே, முப்பது வருசமா கடை நடத்துறாரு. அவருக்குத் தெரியாத பிசினஸையா ஒரு பி.எச்டி.காரன் கண்டுபிடிச்சிரப் போறான்?” என்றார்.

ஊரில் பாதிப் பேர் நினைப்பதும் இதுதான். சம்பாதித்தவனுக்குப் போடும் பொன்னாடைதான் டாக்டர் பட்டம் என்று நினைக்கிறார்கள். சுத்த அறிவீனம்.

மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத் கோயம்புத்தூரில் பிறந்தவர். இளம் வயதிலேயே யூனியன் கார்பைடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அனுபவம் போதுமென்றால் அவர் அங்கேயே டாக்டர் ஆகியிருக்கலாமே! அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்து, ஹார்வர்டுக்குப் போய், ஆய்வேடு எழுதி, 1975-இல்தான் அந்தப் பட்டத்தை வாங்கினார். பின்னாளில், 2004-இல் வந்த தன் புத்தகத்தில் நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்து அலசினார். 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. நாம் எல்லோரும் அண்ணா நகர் பக்கம் போகும்போது பார்த்த கட்டடம்தான். பணம் கட்டுகிறவரை வைத்து, கட்ட முடியாதவருக்கு இலவசமாகக் கண்புரை அறுவை செய்தும் அது நட்டப்படாமல் நிற்பது எப்படி என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் பிரகலாத் ஒருவர். பார்ப்பது வேறு, ஆராய்வது வேறு. பிரகலாத்துக்கே படித்துத்தான் கிடைத்தது. ஓட்டல் ஹாலில் விழா வைத்தால் ஒரு சாயங்காலத்தில் கிடைத்துவிடுமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளைப் படித்துப் பாருங்கள். முதுகலை முடித்து வருகிறவருக்குப் பொதுவாக 55 சதவீதம் வேண்டும். நுழைவுத் தேர்வோ நெட் மதிப்பெண்ணோ வேண்டும், நேர்காணலும் உண்டு. குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க். மூன்று வருடத்துக்குள் யாருக்கும் கிடையாது. செமஸ்டருக்கு ஒரு தடவை ஆலோசனைக் குழு முன் நின்று என்ன செய்தாய் என்று பதில் சொல்ல வேண்டும். ஆய்வேட்டை வெளித் தேர்வாளர்கள் இரண்டு பேராவது மதிப்பிடுவார்கள். அதற்கப்புறம் வைவா.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இப்படிப் பட்டத்துக்கு உழைத்த ஒரு ஆய்வு மாணவியைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலை, கையில் கேள்வித்தாள். மல்லிகை ஏலம் போகிற நேரத்தில் கமிஷன் கடைக்காரர் எவர் பதில் சொல்வார்? “அப்புறம் வாம்மா” என்று விரட்டினார் ஒருவர். அந்தப் பெண் நகரவில்லை. விவசாயி கைக்கு வந்தது எவ்வளவு, சரம் கட்டி விற்றது எவ்வளவு என்று ஒவ்வொரு கடையாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்தச் சந்திப்பில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள்?

2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கையே வாடகைக்கு எடுத்து, ஒரு தனியார் அமைப்பு சினிமாக்காரர்களுக்கெல்லாம் ‘கௌரவ டாக்டர்’ பட்டம் வாரிக் கொடுத்தது. பட்டத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் போலீசுக்குப் போக வேண்டியதாயிற்று. சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகம் தருகிற கௌரவப் பட்டத்தைக்கூடப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வது மரபில்லை. ஓட்டல் ஹால் பட்டத்துக்கு என்ன மரியாதை?

உள்ளே இருப்பவர்களும் யோக்கியமில்லை. ஆய்வேடு எழுதிக் கொடுக்கும் ‘சென்டர்’களுக்கு மாணவர்களை அனுப்புகிற நெறியாளர்கள் இருக்கிறார்கள். பட்டம் கேட்டு வந்த பிள்ளையை வீட்டுக் காய்கறி வாங்க அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள்தான் இரும்புக்கடைக்காரருக்குப் பட்டம் வெறும் பொன்னாடை என்ற நினைப்பைக் கொடுத்தவர்கள். முறையாகப் பட்டம் தருகிற இடத்தின் கதியையும் பாருங்கள்: நாகமலையடிவாரத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சம்பளத்துக்காகப் போராடினார்கள். டாக்டர் பட்டத்துக்கு ஆசைப்படுகிற நம் ஊர்த் தொழிலதிபர்களில் எத்தனை பேர் அவர்கள் பக்கம் நின்றார்கள்?

இனி யாராவது உங்களிடம் ‘டாக்டர்’ என்று விசிட்டிங் கார்டு நீட்டினால், கூச்சப்படாமல் கேளுங்கள்: எந்தப் பல்கலைக்கழகம், நெறியாளர் யார், ஆய்வேடு எங்கே? சமீபத்தில் வாங்கிய இந்தியப் பட்டம் என்றால் ஷோத்கங்கா இணையதளத்தில் அந்த ஆய்வேடு இருக்க வேண்டும். தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் டாக்டர் என்று கூப்பிடுங்கள்.