தள்ளாடுபவர் எல்லாம் குடிகாரர் அல்லர்



"சிறுமூளையின் பணி யாது?" என்று கேட்டால், என்னிடம் படித்தவர்கள் தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள்: "உடலின் சமநிலையைப் பேணுதல்." நானும் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டு, இரண்டு மதிப்பெண் கொடுத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவேன். அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே போன மாதம்தான் உறைத்தது.

என் தங்கை கணவருக்கு 61 வயது. டீயைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. காலையில் சந்தைக்குப் போன இடத்தில் திடீரென்று தலை சுற்றி, வாந்தி எடுத்து, நிற்க முடியாமல் தள்ளாடியிருக்கிறார். பேச்சும் குழறியிருக்கிறது. "காலையிலேயே ஏத்திட்டு வந்துட்டாரு பாரு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் விலகிவிட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு கடைத் திண்ணையில் கிடந்தார். பிறகு தெரிந்த பையன் ஒருவன் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் டாக்டர்.

அங்கே இருந்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துதான் போயிருப்பேன்.

பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை, மூளையின் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் நரம்பு செல்களில் பாதிக்கும் மேல் அதில்தான் இருக்கின்றன. "டம்ளரை எடு" என்று உத்தரவு போடுவது பெருமூளை. நீட்டிய கை டம்ளரைத் தாண்டிப் போகாமலும், எட்டாமல் நின்றுவிடாமலும் கணத்துக்குக் கணம் திருத்துவது சிறுமூளை. கண், உட்காது, மூட்டுகள், தசைகள் அனுப்பும் தகவலை வைத்து அது இந்த வேலையைச் செய்கிறது. அது பழுதானால் கை காலில் பலம் இருக்கும், அளவுதான் தப்பும். மதுவும் இதே சிறுமூளையைத்தான் தடுமாற வைக்கிறது. அதனால்தான் பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது.

பக்கவாதம் என்றால் வாய் கோணும், கை விழும் என்று மட்டும் நாம் நினைக்கிறோம். திடீர்த் தள்ளாட்டமும் அதன் அறிகுறியாக இருக்கலாம். அப்படி யாரையாவது பார்த்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். விழுங்குவதில் சிரமம் இருக்கலாம், சோடா, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எங்கள் மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தபோது அந்த நேரம் தாண்டிவிட்டது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடை பழகுகிறார்.

குடித்தவரை நோயாளி என்று நினைத்து உதவினால் நமக்கு ஒரு போன் செலவு. நோயாளியைக் குடிகாரர் என்று நினைத்து ஒதுங்கினால் ஒரு குடும்பமே சாய்ந்துவிடும். எந்தத் தவறைச் செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்