ஊசி அசைந்ததும் கண்கள் விரியும்

கொடைக்கானல் மலையில் உள்ள பண்ணைக்காட்டில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரு டார்ச் பேட்டரி, ஒரு முழம் செம்புக் கம்பி, ஒரு திசைகாட்டி போதும். கம்பியை வடக்கு தெற்காக ஊசிக்கு மேலே பிடித்து, நுனிகளைப் பேட்டரியில் தொட்டதும் ஊசி வெடுக்கென்று விலகும். கம்பி சுடும், சட்டென்று எடுத்துவிட வேண்டும். பேட்டரியைத் திருப்பினால் ஊசி எதிர்ப்பக்கம் போகும். 1820-இல் இயற்பியலாளர் ஓர்ஸ்டெட் கண்டது இதைத்தான்.

மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குவது எங்கள் வானத்திலும் நடக்கிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டி, பகலில் சுமார் 100 கி.மீ. உயரத்தில் கிழக்கு நோக்கி மின்னோட்டம் பாய்கிறது, கம்பியே இல்லாமல்! அதன் காந்தப்புலத்தை, 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன.

பள்ளிச் சுற்றுலாக்கள் படகுச் சவாரியோடு மலையிறங்கிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஆசிரியர்களே, அடுத்த முறை பிள்ளைகளை ஆய்வகத்துக்கும் கூட்டிப் போங்கள். பையில் ஒரு திசைகாட்டி இருக்கட்டும்.