கணவர் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி

சினிமா பார்த்துவிட்டுத் திரும்பும் தம்பதிகளின் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? சில சமயம் படத்தை விட அது ரசமாக இருக்கும். "கடைசியில் அவளை எதற்காகக் கொன்றான்?" என்று மனைவி கேட்பாள். "கொல்லாவிட்டால் படம் எப்படி முடியும்?" என்பார் கணவர். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் வரையில் வழக்கு நடக்கும். பொழுது விடிந்தால் சமையல், ஆபீஸ் என்று எல்லாம் மறந்து போகும்.

இந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஊருக்கெல்லாம் கேட்கக் கொடுத்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றிவிட்டது. பாட்காஸ்ட் என்கிறார்களே, அதுதான். வானொலிப் பேச்சு மாதிரியே. ஆனால் நிலையத்தார் குறித்த நேரத்துக்கு நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே கைபேசியைத் தட்டினால் போதும், பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் பால் ஷீர், ஜூன் டயான் ரஃபேல் என்று ஒரு தம்பதி. இருவரும் ஹாஸ்ய நடிகர்கள். 2009-ல் மணம் செய்துகொண்டவர்கள். ஜேசன் மன்ட்ஸூக்காஸ் என்பவர் அவர்களுடைய சிநேகிதர்; அவரும் நடிகரே. 'வால் ஸ்ட்ரீட்: மனி நெவர் ஸ்லீப்ஸ்' என்ற படத்தைப் பற்றி இந்த மூவரும் பேசிச் சிரித்ததில் பிறந்தது ஒரு பாட்காஸ்ட். 2010-ல் தொடங்கினார்கள். 'ஹவ் டிட் திஸ் கெட் மேட்?' என்பது அதன் பெயர். 'இதை எப்படி ஐயா எடுத்தார்கள்?' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். நல்ல படங்களின் பக்கமே அவர்கள் போவதில்லை. தலை கால் புரியாத படமாகப் பார்த்து எடுத்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவதுதான் அவர்கள் தொழில்.

பேசுகிறவர்கள் கெட்டிக்காரர்கள், சந்தேகமில்லை. ஆனால் என்னைக் கவர்ந்தவர்கள் கேட்கிறவர்கள். ஒரு படத்தைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, சிறிய நிகழ்ச்சி ஒன்று தனியாக வரும். அதில் நேயர்களின் திருத்தங்களுக்கென்றே ஒரு பகுதி. "நீங்கள் சொன்னது தவறு, அந்தக் காட்சியில் நடந்தது வேறு" என்று டெலிபோனிலும் கடிதத்திலும் வந்து குவியும். பேசியவர் அதை வெளியிட்டுத் தம் தவறை ஒப்புக்கொள்கிறார். இன்னொரு பகுதியும் உண்டு. தாங்கள் கிழித்தெறிந்த அதே படத்துக்கு, அமேசான் கடையில் வாங்கிய யாரோ ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து உருகி எழுதியிருப்பார் அல்லவா? அதைத் தேடி எடுத்து உரக்கப் படிப்பார்கள். அந்தப் பகுதிக்கு முன்னுரையாக நேயர்களே பாட்டுக் கட்டி அனுப்புகிறார்கள். மேடையில் நிகழ்ச்சி நடந்தால் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து பாடிவிட்டும் போவார். நல்ல சாரீரம் வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதாகத் தெரியவில்லை.

1991-ல் வந்த 'டிராப் டெட் ஃபிரெட்' என்ற படம் கணவனையும் மனைவியையும் பிரித்து வைத்தது. பயப்பட வேண்டாம், கட்சி அளவில்தான். கணவனையும் வேலையையும் ஒருங்கே இழந்து தாய் வீட்டுக்குத் திரும்பும் ஒரு பெண்ணிடம், சிறு வயதில் அவள் கற்பனை செய்துகொண்ட தோழன் மறுபடி வந்து செய்யும் அட்டகாசம்தான் கதை. இது சகிக்க முடியாத படம் என்று ஷீர் வாதாடினார். ஜூனோ சிநேகிதர் மன்ட்ஸூக்காஸுடன் சேர்ந்துகொண்டு படத்துக்காகப் போராடினார். நேயர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? ஃபிரெட் கட்சி என்றும், புத்தி தெளிந்தவர்கள் கட்சி என்றும் இரண்டாகப் பிரிந்தார்கள். அந்தப் பெயர்களை அச்சிட்ட பனியன்கள் கூட விற்பனைக்கு வந்தன. நானும் முதலில் கணவர் கட்சியில் சேர்ந்தவன்தான். பிறகு படத்தைப் பார்த்தேன். கூச்சலுக்கு நடுவே, கண்டிப்பான தாயின் கையில் ஒடுங்கிப்போன ஒரு குழந்தையின் கதை அதில் இருக்கத்தான் செய்கிறது. கட்சி மாறிவிட்டேன்.

தம்பதிகள் இருவருமே விமர்சகர்களாக இருப்பது புதிதல்ல. நியூயார்க்கில் ஆண்ட்ரூ ஸாரிஸ், மாலி ஹாஸ்கெல் என்ற இருவர் 1969-ல் மணந்துகொண்டார்கள். டைரக்டரே படத்தின் கர்த்தா என்ற கொள்கையை அமெரிக்காவில் பரப்பியவர் ஸாரிஸ். திரையில் பெண்களை நடத்தும் விதத்தைப் பற்றி 1974-ல் ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார் ஹாஸ்கெல். ஒரே படத்தைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எப்படிப்பட்ட யுத்தம் நடந்திருக்கும்! வாசகர்களுக்குக் கிடைத்ததோ ஆளுக்கொரு கட்டுரை. சிகாகோவில் ஸிஸ்கெல், ஈபர்ட் என்ற இரு போட்டிப் பத்திரிகைக்காரர்கள் 1975-ல் டெலிவிஷனில் நேருக்கு நேர் அமர்ந்து படங்களைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தபோது, அமெரிக்க ஜனங்கள் அதை வருஷக்கணக்கில் ரசித்தார்கள். ஆனால் சண்டை முடிந்ததும் அவரவர் தம் தம் வீட்டுக்குப் போய்விடலாம். தம்பதிகளுக்கு அந்த வசதி இல்லை. சண்டையிட்டவரோடுதான் இரவுச் சாப்பாடு. ஆகவே அவர்கள் பேச்சில் ஓர் இங்கிதம் தானாக வந்து சேருகிறது. எதிராளியை மட்டம் தட்டாமல் எதிர்த்துப் பேசுவது எப்படி என்பதை வேறு எங்கே போய்க் கேட்பது? தீர்ப்பை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மூன்று வரி விமர்சனம் போதாதா?

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. நேயர்களில் வேறொரு ரகம் உண்டு. 2015-ல் 'திஸ் அமெரிக்கன் லைஃப்' என்ற நிகழ்ச்சியில், தங்களுக்கு வந்த ஒரு வகைக் கடிதங்களைப் பற்றியே பேசினார்கள். அங்கே வேலை செய்யும் இளம் பெண் நிருபர்கள் வாக்கியத்தை முடிக்கும்போது குரல் கரகரவென்று இழுபடுகிறதாம். காதால் கேட்க முடியவில்லையாம். இதில் வேடிக்கை என்னவென்றால், நிகழ்ச்சியை நடத்தும் ஐரா கிளாஸ் தம் குரலும் அப்படித்தான் கரகரக்கிறது, அதைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை என்று அவரே எடுத்துச் சொன்னார். அது சினிமா நிகழ்ச்சியல்ல, இருந்தால் என்ன? ஆணும் பெண்ணும் சேர்ந்து பேசும் இடத்திலெல்லாம் இந்தப் புத்தி எட்டிப் பார்க்கக் கூடியதே. ஆண் தவறாகச் சொன்னால் ஆதாரத்தோடு திருத்துவது, பெண் சரியாகவே சொன்னாலும் குரலைக் குறை கூறுவது என்பது எந்த ஊர் விமர்சனம்?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பேட்ரியான் என்ற ஏற்பாடு 2013-ல் வந்த பிறகு, பிடித்த நிகழ்ச்சிக்கு நேயர்களே மாதா மாதம் பணம் கட்டலாம். மிக நல்ல ஏற்பாடு. விளம்பரக்காரர் தயவை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சந்தா கட்டியவருக்குச் சில சமயம் குடும்பத்தில் பாத்தியதை வந்துவிட்டது போன்ற பிரமை உண்டாகிறது. "அவர் பேசும்போது நீங்கள் ஏன் குறுக்கிடுகிறீர்கள்?" என்று அம்மையாருக்குப் புத்திமதி எழுதத் தோன்றுகிறது. தம் வீட்டுப் பேச்சைத் தாங்களாகவே கடைவிரித்தவர்கள் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று சிலர் வாதாடலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் கடையில் வைத்தது படத்தைப் பற்றிய பேச்சு. அதில் எந்த வாக்கியத்தை வேண்டுமானாலும் நாம் எடுத்துக் கிழிக்கலாம். தாம்பத்தியத்தை அவர்கள் விலைக்கு வைக்கவில்லை.

பேசுகிற தம்பதிகளுக்கும் ஒரு வார்த்தை. மனைவியின் அபிப்பிராயத்தை மறுத்து வரும் கடிதத்துக்குக் கணவர் முந்திக்கொண்டு சமாதானம் சொல்கிற வழக்கம் சில நிகழ்ச்சிகளில் என் காதில் பட்டிருக்கிறது. பாதுகாப்பாக நினைத்துத்தான் செய்கிறார், பாவம். ஆனால் கடிதம் அவருக்கு வரவில்லையே! அந்த அம்மாளே படிக்கட்டும். அவர் கொடுக்கும் பதிலைக் கேட்கத்தானே நாங்கள் வெங்காயக் கூடையோடு உட்கார்ந்திருக்கிறோம்?