25 ஏக்கருக்கு ஒரு பிடி மண்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கரிசலில் மக்காச்சோளம் பெரும்பாலும் புரட்டாசி மழையை நம்பி விதைக்கப்படுகிறது. மழை விழுந்ததும் உரக்கடையில் கூட்டம் கூடிவிடும். எந்த உரம், எத்தனை மூட்டை என்று முடிவு செய்பவர் கடைக்காரர். அவர் இல்லாவிட்டால் பக்கத்துக் காட்டுக்காரர். வீட்டில் மடித்துக் கிடக்கும் மண்வள அட்டையை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இதற்காக விவசாயியைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. 2015 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் முதல் சுற்றுகளில், மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரே ஒரு மாதிரிதான் எடுத்தார்கள். அதாவது 25 ஏக்கருக்கு ஒன்று. அதற்குள் ஒருவர் ஆட்டுக்கிடை போட்டிருப்பார், இன்னொருவர் டிஏபியைத் தவிர வேறெதையும் கண்டிருக்க மாட்டார். இருவர் கையிலும் ஒரே முடிவைக் கொடுத்தால் யார் நம்புவார்?

மக்காச்சோளம் பெருந்தீனிப் பயிர். இறவையில் வீரிய ஒட்டு ரகத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து, தலா 75 கிலோ மணிச்சத்தும் சாம்பல்சத்தும். மண்ணைப் பரிசோதிக்காதவருக்கான அளவு இது. நடைமுறையில் அளவைத் தீர்மானிப்பதோ விலை. 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டிஏபி 1,350 ரூபாய். மலிவானது கூடுதலாக விழுகிறது. யூரியா போட்டால் பயிர் கருகருவென்று பச்சை கட்டுவதும் கண்ணுக்குத் தெரிகிறதே! துத்தநாகக் குறையோ இளங்குருத்து வெளுத்த பிறகுதான் தெரியும். அதையும் தழைச்சத்துக் குறை என்றெண்ணி இன்னொரு மூட்டை யூரியா இறைப்பவர்கள் உண்டு. மணிச்சத்து மிஞ்சிய மண்ணில் துத்தநாகம் பயிருக்கு எட்டாது. அங்கே டிஏபியைக் கூட்டினால் குருத்து இன்னும் வெளுக்கும். தேவைப்படுவது ஏக்கருக்கு 15 கிலோ ஜிங்க் சல்பேட். அதைச் சொல்ல ஒரு பரிசோதனை போதும்.

ஆகவே ஒவ்வொரு உழவர் நிலத்திலும் தனித்தனியாக, கோடையில் காடு வெறுமையாகக் கிடக்கும்போதே மாதிரி எடுக்க வேண்டும். ஆவணிக்குள் முடிவு கைக்கு வரவேண்டும். விதைத்த பின் வரும் அட்டையால் அந்தப் போகத்துக்குப் பயனில்லை. மானிய உரத்துக்கு ஆதார் கைரேகை வாங்கும் கடை இயந்திரமே அவரவர் நிலத்துக்கான அளவையும் ரசீதில் அச்சிட்டுத் தரட்டும். அட்டை இல்லாதவருக்கு உரமில்லை என்று மட்டும் ஆக்கிவிடக் கூடாது. அது குத்தகைக்கு உழுபவரைத்தான் முதலில் அடிக்கும்.

அதுவரை விவசாயிகளும் காத்திருக்க வேண்டாம். வரப்போரம், மரநிழல், குப்பை கொட்டிய இடம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணெடுத்துக் கலந்து, அதில் அரை கிலோவைத் துணிப்பையில் கட்டி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.